சப்மாட்யூல் வைத்திருப்போர் சங்கம்

சப்மாட்யூலோடு, அதாவது ஒரு கிட் ரெப்போவுக்குள் குடிவைத்த இன்னொரு ரெப்போவோடு, சண்டை போடாமல் காலம் தள்ள வழி தேடுகிறவன் நான். நேற்று நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்; இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

எங்கள் டீமில் ஒரு புண்ணியவான் உள் ரெப்போவில் ஒரு கமிட், வெளி ரெப்போவில் ஒரு கமிட் போட்டார். வெளியே உள்ளதை மட்டும் புஷ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வெளி ரெப்போவுக்குத் தெரிந்தது 40 எழுத்து ஹாஷ் ஒன்றுதான். அந்த ஹாஷுக்கு உரிய கமிட்டோ அவருடைய லேப்டாப்பில் சுகமாகத் தூங்குகிறது. ஊருக்கெல்லாம் பில்டு படுத்துவிட்டது. கேட்டால், "எனக்கு ஓடுதே சார்!" ஓடாமல் என்ன செய்யும்? இப்படிப்பட்ட புஷ்ஷைத் தடுக்க கிட்டிலேயே ஒரு செட்டிங் உண்டு. ஆனால் நாமாகப் போட்டால்தான் அது விழித்துக்கொள்ளும்.

சரி, இந்தச் சனியனையே தூக்கிவிடுவோம் என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது. சேர்க்க 'ஆட்' என்று ஒரே கட்டளை. நீக்க 'ரிமூவ்' இருக்குமே என்று தேடாதீர்கள், கிடையாது. ரேஷன் கார்டில் பேர் நீக்குவதுபோல ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டும். முதலில் 'டீஇனிட்': கான்ஃபிக்கிலிருந்து பேர் போகும், ஃபோல்டர் காலியாகும், ஆனால் ஃபோல்டர் நிற்கும். அடுத்து 'கிட் ஆர்எம்': ஃபோல்டர் போகும், கிட்மாட்யூல்ஸ் ஃபைலில் இருக்கும் வரியும் போகும். முடிந்ததா? டாட் கிட்டுக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் முழு வரலாறும் அப்படியே குந்தியிருக்கிறது. அதைக் கையால் அழிக்க வேண்டும். அழிக்காமல் அதே பேரில் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், "இந்தப் பேரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே" என்கிறது. யார் அவர்? நாம் காரியம் முடித்து அனுப்பியவர்தான்! சப்மாட்யூல் கட்டளை 2007-ல், 1.5.3 பதிப்பில் வந்தது. இந்த டீஇனிட்டோ 1.8.3-ல், 2013-ல்தான் வந்தது. உள்ளே விட்டு ஆறு வருஷம் கழித்து வாசல் வைத்த புத்திசாலிகளை என்ன சொல்ல?

ஒருவழியாக நீக்கி, கமிட் போட்டு, புஷ்ஷும் செய்தாயிற்று. உடனே மேனேஜர் வந்தார்: "பழைய ரிலீஸ் பிராஞ்சுல ஒரு சின்ன ஹாட்ஃபிக்ஸ்..." செக்அவுட் அடித்தேன். ஃபோல்டர் வந்து நிற்கிறது. உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை. இனி அப்டேட், இனிட், ரிகர்சிவ். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள், அதுவும் போதவில்லை.