காலடியோசை

என்னிடம் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 11 இருக்கிறது. சிம்பொனி ஒன்றுதான், பதிவுகள் 11. "ஒரே பாட்டுக்கு எதுக்குங்க இத்தனை தட்டு?" என்று கேட்கும் விருந்தாளிகளுக்கு இப்போதெல்லாம் காபியோடு சரி, பலகாரம் கிடையாது.

என் நண்பரிடம் 19. அதனால் வாதத்தில் அவர் குரல் எப்போதும் ஒரு ஸ்தாயி மேலே. அவருக்கு வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் என்ற இசை நடத்துனர்தான் தெய்வம். 1951 ஜூலை 29. போருக்குப் பின் ஜெர்மனியின் பைராய்ட் இசை விழா மறுபடி தொடங்கியபோது அவர் நடத்திய ஒன்பதாம் சிம்பொனி. இந்தத் தேதி நண்பருக்கு நுனிநாக்கில் நிற்கும். தன் கல்யாணத் தேதி நிற்காது. அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நான் ரோஜர் நாரிங்டன் கட்சி. பீத்தோவன் காலத்து வாத்தியங்கள், மெட்ரோனோம் என்ற தாளக் கருவிப்படி பீத்தோவனே குறித்துவைத்த வேகம். மூன்றாம் பகுதியை நாரிங்டன் 11 நிமிடச் சொச்சத்தில் முடித்துவிடுவார். ஃபுர்ட்வெங்லருக்கு 19 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

"உங்காளு வண்டிய ஸ்டாப்புல நிறுத்தவே மாட்டேங்கறாரே சார்" என்பார் நண்பர். நடத்துனர் என்றால் தமிழில் பஸ் கண்டக்டரும்தானே.

"உங்காளு கிளப்பவே இல்லையே!"

"பீத்தோவனோட மெட்ரோனோமே ரிப்பேர் சார்." பெரிய பெரிய அறிஞர்களே கிளப்பிய சந்தேகம் இது. எனவே நான் பேச்சை மாற்றுவேன்.

"சரி, எந்த 1951?"

இங்கேதான் அவர் முகம் வாடும். அந்த இசைத்தட்டு வெளிவந்தது 1955இல். அதற்கு முந்தைய வருடமே ஃபுர்ட்வெங்லர் இறந்துவிட்டார். பல காலம் கழித்து பவேரிய வானொலியின் நாடா வெளியானது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. தட்டில் ஒத்திகையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நண்பர் இரண்டையும் வாங்கினார். பிறகு சுவீடன் வானொலியின் நாடாவும் வந்தது. அதையும் வாங்கினார். ஒரே சாயங்காலம், மூன்று செலவு.

போதாக்குறைக்கு, ஃபுர்ட்வெங்லர் மேடைக்கு நடந்துவரும் காலடிச் சத்தத்தோடு ஜப்பானில் ஒரு பதிப்பு உண்டு. "அந்த நடையிலயே முதல் பகுதியோட தாளம் தெரிஞ்சிடும் சார்" என்றார். அவரிடம் இல்லாத பதிப்பு அது ஒன்றுதான்.

பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு நடை நடந்து, செல்பேசியில் பதிந்தேன். பழைய தட்டின் இரைச்சலுக்குத் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தேன். நண்பரை வரவழைத்து, ஒன்றும் சொல்லாமல் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். தொண்டை அடைத்தது. "என்ன கம்பீரம் சார்! உங்க நாரிங்டனுக்கு இந்த நடை வருமா?"

அந்த பூட்ஸ் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. இடது கால் கொஞ்சம் கடிக்கும்.