கடவுச்சொல் சரி, கதவு திறக்காது

கேள்வி: லினக்ஸ் கணினியின் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து, கடவுச்சொல்லைத் தமிழில் வைத்தால் யாராலும் ஊகிக்க முடியாதல்லவா? (வாசகர், கரமனை, திருவனந்தபுரம்)

பதில்: உங்களையே வெளியே நிறுத்தும் அளவுக்குப் பலமான பூட்டு அது! விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. இந்திய மொழிகளுக்கான ‘இன்ஸ்கிரிப்ட்’ விசைப்பலகை அமைப்பில் ‘கே’ விசையைத் தட்டினால் தமிழிலும் ‘க’, மலையாளத்திலும் ‘க’தான். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் இரண்டும் வெவ்வேறு மூன்று பைட்டுகள். அமெரிக்க விசைப்பலகை அமைப்பிலோ அதே விசைக்கு ஒரே பைட். பூட்டு பார்ப்பது பைட்டை மட்டுமே. டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே, கணினியைத் தொடக்கும் நிரலான ‘கிரப்’ கடவுச்சொல் கேட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவரை அது அமெரிக்க அமைப்பையே நம்பும். தட்டுவது திரையில் தெரியாததால் பிழையும் பிடிபடாது.

2001 ஜூலை 20-ல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட உங்கள் ஊரில் தாய்மொழிக்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மெனுவும் கோப்பும் தமிழில்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை யாரும் வாசிப்பதில்லை, அதன் பலம் நீளத்தில் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறேழு தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். குறியீடுகள் வேண்டாம், ‘அட்’ குறியே அமெரிக்க அமைப்பில் ஓரிடம், பிரிட்டிஷ் அமைப்பில் வேறிடம். தொடக்கக் கோப்பில் தமிழ் அமைப்பைச் சேர்க்கலாமே என்றால், அது கிரப்புக்குப் பிந்திய கட்டத்துக்கே உதவும். ஒரே வட்டுக்குப் பல கடவுச்சொற்கள் வைக்கலாம்: லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான ‘லக்ஸ்’ முதல் பதிப்பில் அதற்கு 8 சாவி இடங்கள், இரண்டாம் பதிப்பில் 32. கணினியை அணைக்குமுன் இன்றே இரண்டாவது கடவுச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.