வளர்ந்த நாய் வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: காப்பகத்தில் நாய் எடுக்கலாம் என்றால் வீட்டில் எல்லோரும் குட்டிதான் வேண்டும் என்கிறார்கள். முப்பது கிலோ நாயை யார் எடுப்பார்கள்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: குட்டியின் கண்ணைப் பார்த்துவிட்டு மயங்காதவர் யார்! ஆனால் அது எவ்வளவு உயரம் வளரும், பிள்ளைகளோடு எப்படிப் பழகும் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். மூன்று வயது நாய் அப்படியல்ல. அதன் உயரமும் குணமும் இப்போதே கண்முன் நிற்கின்றன. பல் முளைக்கும் பருவம் தாண்டிவிட்டதால் செருப்புகளும் பிழைத்துக்கொள்ளும். 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை புளூ கிராஸ் போன்ற இடங்களுக்குத் தெருநாய்கள் மட்டும் வருவதில்லை. ஆசை ஆசையாக விலைகொடுத்து வாங்கி, பிறகு கைவிடப்பட்ட லேப்ரடார்களும் ஜெர்மன் ஷெப்பர்டுகளும் வருகின்றன. அவற்றில் பல, மனிதர்களோடு வாழ ஏற்கெனவே பழகியவை.

கேள்வி: ஒருவர் வேண்டாம் என்று விட்ட நாயிடம் ஏதோ கோளாறு இருக்கத்தானே செய்யும்? (திருச்சி வாசகர்)

பதில்: வீடு மாறினார்கள், வெளிநாடு போனார்கள், வீட்டுக்காரர் கூடாதென்றார் என்று காரணங்கள் பலவும் மனிதர்களுடையவை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரே நாளில் முடிவெடுக்காமல் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டருகே ஆள் வந்தால் உறுமுகிறதா என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். கயிற்றை நீங்களே பிடித்து நடத்திப் பாருங்கள். முப்பது கிலோ இழுத்தால் உங்கள் தோள் தாங்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அது அனுமதித்தால், காது மடலைத் திருப்பியும் விரலிடுக்கை விலக்கியும் பாருங்கள். உண்ணி ஒட்டும் இடங்கள் அவை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் சரியும் என்பதால், மருத்துவரிடம் முதல்முறை போகும்போதே ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊர்க் காப்பகத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. திமிரா? (விருதுநகர் வாசகர்)

பதில்: காது கேட்காமல் இருக்கலாம்! 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம்தான்; ஆனால் அதில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கேட்காத நாயைக் கைச்சைகையிலேயே நன்றாகப் பழக்கலாம். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், கயிறில்லாமல் தெருவில் விடாதீர்கள்.

கேள்வி: அழைத்து வந்த நாள் முதல் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு சாப்பிட மறுக்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையோ? (கோவை வாசகி)

பதில்: புது மருமகளைக்கூட முதல் நாளே பாடச் சொல்லக் கூடாது! மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், இது நம் வீடு என்ற நம்பிக்கை வர மூன்று மாதம் என்பது காப்பகத்தார் சொல்லும் பொதுவான கணக்கு. தண்ணீரையும் உணவையும் அருகில் வைத்துவிட்டு ஒதுங்கியிருங்கள். உறவினர் பட்டாளத்தை அழைத்துக் காட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாளாகியும் எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெரிய நாய்க்கென்று தனிக் கவனம் ஏதாவது? (மதுரை வாசகர்)

பதில்: உண்டு. ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தின்றவுடன் ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடும் என்பதால் வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரியுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. சாம்பார் சாதம் அதனால்தான் வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் நாயே கூடாது என்கிறது சங்கம்! (வேளச்சேரி வாசகர்)

பதில்: அப்படித் தடைபோட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறக் கூடாது. பொது இடத்தில் கயிற்றோடு நடத்துங்கள், கழிவை அள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஏழு வயது லேப்ரடாரை எடுத்தால் எத்தனை நாள் இருக்கும்? (ஈரோடு வாசகி)

பதில்: லேப்ரடார்கள் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்னும் சில வருடங்கள் மிச்சம் இருக்கின்றன, தயங்காமல் எடுங்கள். காப்பகத்துக்குப் போகும் மற்ற வாசகர்களும் குட்டிகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், வளர்ந்த நாய்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.