டிலீற் ஆகமாட்டேன் என்கிறது!
கணினி கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல அளவெட்டியிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் வந்தவை. சிக்கலும் ஏறத்தாழ ஒன்றுதான்: வெளியே செருகும் ஹாட் டிஸ்க்கில் பழைய பக்அப் நிறைந்து கிடக்கிறது, அழித்தால் அழிய மறுக்கிறது.

கே: என் ஹாட் டிஸ்க்கில் 'பைல் ஹிஸ்ரறி' என்றொரு போல்டர் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறது. அழிக்கப் போனால் 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்றிடம் அனுமதி பெற்று வரச் சொல்கிறது. யார் அது?
– உயர்தர மாணவி, அளவெட்டி

ப: உங்கள் பழைய மடிக்கணினியில் இருந்த நீங்களேதான், தங்கச்சி. நாம் கணக்குக்கு ஒரு பெயர் வைக்கிறோம். விண்டோஸ் அதற்கு ஓர் இலக்கம் வைக்கிறது. பைலின் உரிமையாளர் யார் என்று டிஸ்க்கில் எழுதப்படுவது அந்த இலக்கம்தான். பழைய கணினி போய்விட்டது. புதியது அந்த இலக்கத்துக்குரியவரை அறியாது, ஆகவே இலக்கத்தை அப்படியே காட்டுகிறது. புதிய கணினியில் அதே பெயரில் கணக்குத் திறந்திருந்தாலும் பயனில்லை, இலக்கம் வேறு.

கணினியில் நீங்கள் அட்மினிஸ்றேற்றர் என்றால் உரிமையை உங்கள் பெயருக்கு எடுக்கலாம். போல்டரில் வலது கிளிக், புறொப்பற்றீஸ், செக்கியூரிற்றி, அட்வான்ஸ்ட். மேலே ஓனர் என்ற வரியில் 'சேஞ்ச்' இருக்கும். உங்கள் பெயரைக் கொடுத்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதே ஓனர் என்பதற்கான சிறு பெட்டியில் சரி போடுங்கள். அந்தப் பெட்டியைத் தவறவிடுவதால்தான் பலருக்கு மேல் போல்டர் மட்டும் கைக்கு வந்து, உள்ளே இருப்பவை பழையபடி முரண்டு பிடிக்கின்றன. ஆயிரக்கணக்கான பைல் என்றால் நேரம் எடுக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து வயரை இழுத்துவிடாதீர்கள். அழிக்கப் போகும் அந்த ஒரு போல்டருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். சி டிறைவில் ஒருபோதும் வேண்டாம்.

கே: ஓனர் ஆகிவிட்டேன். இன்னும் அழியவில்லையே?
– தனியார் நிறுவன ஊழியர், மல்லாகம்

ப: காணி உறுதி உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, படலைத் திறப்பு இன்னும் கைக்கு வரவில்லை. ஓனர் என்பது ஒன்று, அழிக்கும் அனுமதி இன்னொன்று. ஓனர் மாற்றிய பின் அந்தச் சாளரங்களை எல்லாம் மூடி, மறுபடி செக்கியூரிற்றிக்குப் போய் உங்கள் பெயரைச் சேர்த்து 'புல் கொன்ற்றோல்' கொடுங்கள். மூடித் திறப்பது முக்கியம்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? பக்அப் எடுத்த அதே மென்பொருளிடம் அழிக்கச் சொல்ல முடியாதா?
– வங்கி ஊழியர், சுன்னாகம்

ப: முடியும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். பைல் ஹிஸ்ரறியின் அட்வான்ஸ்ட் செற்றிங்ஸில் பழைய பதிப்புகளைத் துப்புரவாக்கும் வசதி உண்டு. ஆகப் பிந்திய பதிப்பை மட்டும் வைத்து மற்றதை நீக்கச் சொல்லலாம். 'விண்டோஸ் இமேஜ் பக்அப்' என்ற போல்டர் என்றால் கொன்ற்றோல் பனலில் பக்அப் அன்ட் றிஸ்ரோர், அதில் 'மனேஜ் ஸ்பேஸ்'. பக்அப் எடுத்த கணினி உயிரோடு இருந்தால் இந்த வழி. அது செத்துப்போனவர்களுக்குத்தான் மேலே சொன்ன இரண்டு பதிலும்.

கே: பைலின் பெயர் மிக நீளம், அழிக்க முடியாது என்கிறது. பெயரை நான் நீளமாக வைக்கவில்லையே!
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அளவெட்டி

ப: நீங்கள் வைக்கவில்லை ரீச்சர், பக்அப் வைத்தது. விண்டோஸின் பழைய வழக்கப்படி ஒரு பைலின் முழு முகவரி, அதாவது டிறைவ் எழுத்திலிருந்து பைலின் கடைசி எழுத்து வரை, 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். பைல் ஹிஸ்ரறி ஒவ்வொரு பைலின் வாலிலும் திகதியையும் நேரத்தையும் அடைப்புக்குறிக்குள் ஒட்டுகிறது; அதுவே 26 குறி. முன்னால் கணக்கின் பெயர், கணினியின் பெயர், பழைய போல்டர் வரிசை எல்லாம் சேரும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 'அளவெட்டி' என்று எழுதினால் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. கணினி எண்ணுவது எட்டு. ஒற்றைக் கொம்பு, விசிறி, புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடாதீர்கள். போல்டருக்குள் போல்டராக அடுக்குவதைக் குறையுங்கள், போதும்.

அழிப்பதற்கு எளிய வழி: மேலே இருக்கும் போல்டர்களின் பெயரை 'அ', 'ஆ' என்று ஓரெழுத்தாக மாற்றிக்கொண்டே உள்ளே போங்கள். முகவரி குறுகியதும் அழியும். ஆழம் மிக அதிகம் என்றால், ஆழத்தில் உள்ள போல்டரை வெட்டி டிறைவின் வாசலில் ஒட்டிவிட்டு அழியுங்கள். தெரிந்தவர்கள் ரோபோகொப்பியைப் பயன்படுத்துவார்கள்: வெறும் போல்டர் ஒன்றைக் காட்டி, பழைய போல்டரையும் அதைப்போல் ஆக்கச் சொல்லும் 'மிரர்' கட்டளை. வேலை செய்யும். ஆனால் இரண்டாவதாக எழுதும் போல்டரில் இருப்பதெல்லாம் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல் ஒரேயடியாகப் போய்விடும். பெயரை இருமுறை வாசித்த பிறகே என்ரரைத் தட்டுங்கள்.

கே: 200 ஜிபி அழித்தேன். இடம் கூடவில்லை.
– வர்த்தகர், தெல்லிப்பழை

ப: அந்தந்த டிஸ்க்குக்கு அதனதன் ரீசைக்கிள் பின், ஒளிந்திருக்கும். டிஸ்க்கைச் செருகியபடியே பின்னை வெறுமையாக்குங்கள். செருகாமல் வெறுமையாக்கினால் கணினிக்குள் இருக்கும் குப்பைதான் போகும்.

கே: 'சிஸ்ரம் வொலியூம் இன்பர்மேஷன்' என்று ஒன்று. அதையும் அழிக்கவா?
– பெயர் வேண்டாம், அளவெட்டி

ப: வேண்டாம். விண்டோஸ் தன் தேவைக்கு வைத்திருப்பது. அழித்தாலும் திரும்ப உண்டாக்கும்.

கே: பைல் பழுதடைந்துள்ளது, வாசிக்க முடியாது என்று வருகிறது. வாசிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. 2022இல் எடுத்த பக்அப்.
– கிராமிய அமைப்பொன்றின் செயலாளர், அளவெட்டி

ப: ஆண்டைச் சொன்னதும் காரணம் பாதி தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. மடிக்கணினிக்கு பற்றறி உண்டு. ஆனால் சுவரில் செருகும் அடப்ரரோடு வரும் பெரிய ஹாட் டிஸ்க்குக்கு இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் கறண்ட் போனால், எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதியில் நிற்கும். பைல் பாதி, அதன் முகவரி பாதி. அதைத்தான் விண்டோஸ் பழுது என்கிறது.

'செக் டிஸ்க்' அட்டவணையைச் சீர்செய்யும். டிறைவில் வலது கிளிக், புறொப்பற்றீஸ், ரூல்ஸ், செக். அதன் பிறகு பெரும்பாலும் அழியும். ஆனால் அண்ணை, அதற்கு முன் ஒன்று. சீர்செய்வது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. அந்த டிஸ்க்கில் வேறெங்கும் இல்லாத ஆவணம் ஏதாவது இருந்தால் (சங்கத்தின் கூட்ட அறிக்கை, அங்கத்தவர் பட்டியல், கணக்கு) வாசிக்கக் கூடியதை முதலில் வேறொன்றுக்குக் கொப்பி பண்ணுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் எதையும் ஓட்டாதீர்கள். கழற்றி வையுங்கள், அது பொறியில் வந்த பழுது, மென்பொருளால் தீராது.

கே: மாக் கணினியின் ரைம் மெஷின் பக்அப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வெறுமையாக்கச் சொன்னால் நாள்கணக்கில் ஓடுகிறது. ஊருக்கு வரும்போது அந்த டிஸ்க்கை அப்பாவுக்குக் கொண்டுவர வேண்டும்.
– ஸ்காபரோ, கனடா (சொந்த ஊர் அளவெட்டி)

ப: 2007இல் அப்பிள் கொண்டுவந்த ரைம் மெஷினில் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு போல்டர் இருக்கும், ஒவ்வொன்றும் முழுக் கணினிபோலத் தெரியும். உண்மையில் மாறாத பைல் டிஸ்க்கில் ஒருமுறைதான் இருக்கிறது. எல்லாத் திகதியும் அதையே சுட்டுகின்றன. ஆகவே ஒரு திகதியை அழித்தால் இடம் அதிகம் கிடைக்காது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டால் இலட்சக்கணக்கான சுட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதனால்தான் அந்தத் தாமதம். குப்பையிலிருந்து திரும்ப எடுத்து வைத்துவிட்டு, ரைம் மெஷினுக்குள் போய் அங்கிருந்தே நீக்குவது முறை. டிஸ்க் முழுவதும் வேண்டாம் என்றால் டிஸ்க் யூற்றிலிற்றியில் 'இரேஸ்' கொடுங்கள், நிமிடங்களில் முடியும். அப்பாவின் கணினி விண்டோஸ் என்றால் அப்போதே 'எக்ஸ்பற்' வகையாக்கிக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: பிள்ளைகள் கொண்டுவந்த மாக் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால் 'போமற் பண்ண வேண்டும், பண்ணவா?' என்று கேட்கும். டிஸ்க் வெறுமை என்று அதற்கு அர்த்தமில்லை. விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓம் என்று அழுத்தினால் பேரப்பிள்ளையின் படங்கள் போய்விடும்.

கே: பழைய டிஸ்க்கை விற்கப் போகிறேன். போமற் போதுமா?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

ப: 'குயிக் போமற்' போதாது, அட்டவணை மட்டும் போகும், உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. குயிக் என்ற சரியை எடுத்துவிட்டு முழுப் போமற் கொடுங்கள். விஸ்ரா காலத்திலிருந்து விண்டோஸ் அதில் டிஸ்க் முழுவதும் பூச்சியத்தால் எழுதுகிறது. மணிக்கணக்காகும். அடையாள அட்டைப் படமும் வங்கிப் புத்தகப் படமும் அன்னியர் கைக்குப் போவதைவிட அது மேல்.

கே: கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று பல வருட வீடியோ அடுக்கடுக்காக ஹாட் டிஸ்க்குகளில் இருக்கிறது. பழைய கசற்றிலிருந்து மாற்றிய நாதஸ்வர, தவில் கச்சேரிகளும் உண்டு. புது வேலைக்கு இடமில்லை. எல்லாம் பக்அப் தானே, அழிக்கலாமா?
– வீடியோ நிலையம் நடத்துபவர், அளவெட்டி

ப: பக்அப் என்று சொல்ல வேண்டுமானால் மூலம் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். அந்தக் கசற்றுகள் இப்போது எங்கே? பூஞ்சணம் பிடித்து எறிந்தாயிற்று என்றால், உங்கள் டிஸ்க்கில் இருப்பதுதான் மூலம். அதில் கைவைக்காதீர்கள்.

நீங்கள் இருக்கும் ஊர் எது என்று பாருங்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர், என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் எழுந்த ஊர். தட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். கையில் கமெராவோடு எல்லோரும் திரிந்த காலமல்ல அது. இன்று அவருடைய தவிலை ஒரு பிள்ளை கேட்க முடிகிறதென்றால், அன்று யாரோ பதிந்தார்கள், பதிந்ததை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். பத்மநாதன் 2003இல் மறைந்தார். உங்கள் கசற்றில் அவருடைய ஒரு மணிநேரம் இருந்தாலும், அது வேறெங்கும் இல்லாத மணிநேரமாக இருக்கக்கூடும்.

எங்களுக்கு இழப்பு புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு விட்டுப் போனபோது கலியாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேருக்கு முடிந்தது? நெருப்பும் யுத்தமும் எடுத்ததுபோக மிஞ்சியதை இடம் போதவில்லை என்று நாமே அழித்துவிடக் கூடாது.

ஆனால் உங்களுக்கு இடம் வேண்டும், அதுவும் நியாயம். எடிற் மென்பொருள் தானாக உண்டாக்கிய பிறிவியூ, கஷ், புறொக்சி பைல்களை அழியுங்கள். வேண்டுமானால் திரும்ப உண்டாகும். 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்' என்று ஒரே வீடியோ மூன்று இருந்தால், குடும்பத்துக்குக் கொடுத்த ஒன்றை வைத்து மற்றவற்றை நீக்குங்கள். கலியாண வீட்டு மூலப் பதிவு அந்தக் குடும்பத்துக்குரியது. அழிக்க முன் ஒரு தொலைபேசி எடுங்கள். அவர்கள் லண்டனில் இருந்தாலும் எடுங்கள். அவர்களிடம் இருந்த சீடி கீறல் விழுந்து எப்போதோ போயிருக்கும். அந்த வீடியோவில் நடந்து திரியும் அம்மம்மா இன்று இருக்கமாட்டா. டிஸ்க்குக்குக் காசு தரச் சம்மதிப்பார்கள்.

திருவிழா, கச்சேரி, பள்ளிக்கூட விழா, அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டின் பைல்: இவை ஊருக்குரியவை. ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் வாசித்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல், பத்திரிகை, நினைவு மலர் என்று எத்தனையோ ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காத்து வருகிறது, அவர்களோடு பேசுங்கள். ஆண்டும் பெயரும் தெரியாத பதிவு பாதிப் பதிவு, அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது ஊரில் இருக்கிறார்கள்.

கே: அழிக்க முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, அளவெட்டி

ப: அழிக்கப் போகும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றப் பிரதியைத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, நடுவையும் முடிவையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வரி மூன்றாகிவிட்டது; பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. பிரதி இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்தால் ஒரு மின்னலுக்கு இரண்டும் போகும். ஒன்றை அக்கா வீட்டில், அல்லது கொழும்பில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். ஒக்டோபரில் இடிமழை தொடங்கிவிடும், அதற்கு முன் செய்துவிடுங்கள்.