மாப்ளை வண்டிக்கு வாய்வுத்தொல்லை

வாங்க மாப்ளே, வாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பாக்குத ஆளு, செண்பகவல்லியம்மன் தேருக்குக் காரோட வந்து இறங்கியிருக்கீக. தெருவே கூடி நிக்கி. நீ என்னடான்னா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க. என்னன்னு கேட்டா, ஆக்சிலேட்டரை மிதிச்சா தட்டுதாம். மதுரையில ஒரு மெக்கானிக் எஞ்சினை இறக்கணும், நாப்பதாயிரம் ஆகும்னு சொல்லிட்டானாம். அவனும் பொம்பளப்பிள்ளைய வச்சிருப்பான், பாவம்.

நான் கார் ஓட்டுனதில்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா முப்பது வருசம் கிணத்துமேட்டுல ஆயில் எஞ்சினோட குடும்பம் நடத்துனவன். அது போடுத சத்தத்துல உங்க அத்தை வையுதது காதுலயே விழாது. அந்தப் புண்ணியத்துலதான் இன்னும் ஒண்ணா இருக்கோம்.

தட்டுது தட்டுதுங்கியே, எப்பத் தட்டுதுன்னு சொன்னியா? ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது கடக் கடக்குன்னா அது எஞ்சினே இல்ல, சக்கரத்துக்குப் போற ஆக்ஸில் மூட்டு. கிளட்சை விடும்போது தொம்முன்னு இடிச்சா மவுண்ட் ரப்பர் அந்துபோச்சுன்னு அர்த்தம். அடிவயித்துல இருந்து டொக் டொக்குன்னு கனமா, எஞ்சின் வேகத்தோட கூடிக் குறைஞ்சு வந்தா மட்டும் பயப்படு. அது கனெக்டிங் ராடு பேரிங். அங்கனயே வண்டிய அமத்திரு. உன் சத்தம் அப்படியில்ல. டப்பாவுல சில்லறையப் போட்டுக் குலுக்குத மாதிரி, அதுவும் நாலாவது கியர்ல மேம்பாலம் ஏறும்போது மட்டும். இதைச் சொல்ல உனக்கு அரைமணி நேரமும் எனக்கு ரெண்டு டீயும் ஆயிருக்கு.

எந்தங்கச்சி தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்கித்தான் உன்னப் படிக்க வச்சா. அதனால உனக்குத் தீக்குச்சியில சொன்னாத்தான் ஏறும். குச்சிய நெருக்கி அடுக்கி ஓரத்துல பத்தவச்சா, ஒண்ணைத் தொட்டு ஒண்ணு வரிசையாப் பிடிச்சுக்கிட்டுப் போகும். அடுக்கே முன்னக்கூட்டிச் சூடேறிக் கெடந்தா? நெருப்பு வந்து சேருததுக்குள்ள கடைசிக் குச்சி தானாப் பத்திக்கிடும். உன் சிலிண்டருக்குள்ள நடக்குதது அதான். ப்ளக் பொறி போட்டு ஒழுங்கா எரிஞ்சுக்கிட்டு வரும்போது, மறுமூலையில அமுங்கிக் கெடக்குத பெட்ரோல் காத்து அவசரப்பட்டுத் தானா வெடிச்சிருது. அந்த அதிர்ச்சியிலதான் இரும்பு கிணுகிணுக்கு. இதுக்குப் பேரு நாக்கிங்.

1921ல அமெரிக்காவுல மிட்ஜ்லின்னு ஒரு மகராசன் இதுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சான். பெட்ரோல்ல ஈயத்தைக் கலந்தான். எஞ்சினுக்குத் தட்டு நின்னுச்சு, புகையச் சுவாசிச்ச பிள்ளைகளுக்குப் புத்தி மட்டுப்பட்டுச்சு. நம்ம நாட்டுல அந்தப் பெட்ரோலை ஒழிக்க 2000 ஆச்சு. கடைசியா விட்ட நாடு அல்ஜீரியா, 2021ல. ஒரு தட்டுக்கு நூறு வருசம் வைத்தியம்! உன் மதுரைக்காரன் எவ்வளவோ தேவலை.

“இப்ப நூத்துக்கு இருபது எத்தனால் கலக்கான், அதான் மாமா தட்டுது”ங்க. மைலேஜ் குறையுதுன்னு வையி, கேட்டுக்கிடுதேன். பழைய வண்டியில ரப்பரைத் தின்னுருதுன்னு வையி, அதுவும் சரி. ஆனா இந்தப் பழிய அது மேல போடாத. தானா வெடிக்காமப் பொறுத்திருக்குத குணத்துக்குத்தான் ஆக்டேன்னு நம்பர் போட்டிருக்கான். 91 இருந்த பெட்ரோலு, சாராயம் சேந்ததும் 95 ஆகுது. குடிச்சா ஒழுங்கா நடக்குத ஒரே சென்மம் உன் வண்டிதான் மாப்ளே. மண்ணெண்ணெயக் கலந்தாத்தான் தட்டும்.

விடியக்காலம் நீ குறட்டை விட்டுக்கிட்டு இருக்கும்போது, எதிர்வீட்டு டிராக்டர் பையனைக் கூப்பிட்டு ப்ளக்கைக் கழட்டச் சொன்னேன். கோவிக்காத. எஞ்சின் சுகமா இருந்தா அதோட முனை வறுத்த கடலைத்தோல் நிறத்துல இருக்கும். உன்னது சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளை வெளேர்னு, கண்ணாடியப் போட்டுப் பாத்தா கடுகு கடுகாக் கொப்புளம். சூடு! ஆறிக் கெடக்குத ரேடியேட்டர் மூடியத் திறந்தேன். உள்ள உப்புப் பூத்துக் கெடக்கு. கூலன்ட் குறைஞ்சதுன்னு போர்த் தண்ணிய ஊத்துனியாமே? ஏலே, அந்தத் தண்ணியில பருப்பே வேகாது. உங்க அத்தை வெந்நி போடுத பானையோட அடியில கட்டியிருக்குத பொருக்கைச் சுரண்டிப் பாரு. மனுசனே சீவலப்பேரித் தண்ணி எப்ப வரும்னு குடத்தோட காத்துக் கெடக்கான், நீ ரேடியேட்டருக்கு உப்பைக் குடுத்திருக்க. குழாய் அடைஞ்சா சூடு எங்கிட்டு வெளியேறும்? அடுக்குச் சூடேறிப்போச்சு, கடைசிக் குச்சி பத்துது. அவ்வளவுதான்.

ரேடியேட்டரைக் கழுவு. கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. ஃபேன் சுத்துதா, தெர்மோஸ்டாட் திறக்கான்னு பாரு. வண்டிக்குச் சொன்ன நம்பர் ப்ளக்கா வாங்கிப் போடு. பெறகும் தட்டுனா பிஸ்டன் தலையில கரி கட்டியிருக்கும், அதைச் சுத்தம் பண்ணச் சொல்லு. தட்டுதானு ஒட்டுக் கேக்க எஞ்சின் பக்கத்துல ஒரு சென்சார் வச்சிருக்கானாம்ல, என்னைய மாதிரி. அதோட வயரை எலி கடிச்சிருக்கான்னும் பாத்துரு. நீ வண்டிய நிப்பாட்டுனது நம்ம உளுந்து மூடை அடுக்குன கொட்டகையில.

இன்னொண்ணு, பாலம் ஏறுமுன்ன மூணாவதுக்கு இறக்கு. ஈரக் கரிசல்ல பாரவண்டி சிக்குனா சாட்டைய மட்டும் வீசிக்கிட்டு எவனாவது மேல உக்காந்திருப்பானா? நீ உக்காந்திருக்க, ஏசியும் போட்டுக்கிட்டு.

கூலன்ட்டை மாத்திட்டு மத்தியானம் வா, ஓட்டிப் பாத்துருவோம். வெறும் வண்டியில ஓட்டுனா ஒண்ணும் தெரியாது மாப்ளே, நாக்கிங் பாரத்துலதான் கேக்கும். அதனால அந்த உளுந்துல ரெண்டு மூடைய டிக்கியில ஏத்திக்கிடு. கழுகுமலையில உன் சித்தி வீடு வரைக்கும் போனாப் போதும், அவளும் ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்கா. பின்னால உங்க அத்தை உக்காந்துக்கிடுவா, பாரத்துக்கு. முன்சீட்டு எனக்கு. சத்தம் கேக்கணும்லா.