கவ்வாத்துக் கத்தியும் கடவுளும்

நமுனுகுல மலையைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று தர்க்கத்தால் காட்ட முடியுமா?

13ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்தி மெய்கண்டார் காட்டிவிட்டாரே! அவரது சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதே அதுதான். உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அறிவில்லாத பொருள் இதைத் தானாகச் செய்துகொள்ளாது. ஆகவே செய்விப்பவன் ஒருவன் வேண்டும்.

அந்தச் செய்விப்பவன் சிவன் என்கிறார் மெய்கண்டார். அழிக்கிறவனைப் போய் ஆதி என்கிறாரே?

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போய்ப் பாருங்கள். இலையும் கொப்பும் போய் வெறுங்கட்டை நிற்கும். சில மாதத்தில் கொழுந்து எதிலிருந்து வருகிறது? மிஞ்சியதிலிருந்துதானே! எல்லாம் ஒடுங்கிய பிறகும் மிஞ்சி நிற்பவன் எவனோ, அவனால்தான் மறுபடி தோற்றம் என்கிறார் மெய்கண்டார். இத்தனை துணிச்சலான வாதத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, அந்தச் சிவனைப் படைத்தவன் யார்?

அவன் தோன்றிய நாளைச் சொல்லுங்கள், தோற்றுவித்தவனைச் சொல்கிறேன். தோன்றியதற்குத்தான் ஆள் தேடுகிறது அந்தச் சூத்திரம்.

பதுளை முதியங்கண விகாரைக்குப் போகும் என் நண்பர், படைத்தவனே இல்லை என்கிறாரே?

பழைய வழக்கு. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளோடும் வாதாடியிருக்கிறார். முதலில் அவர்கள் கட்சியைச் சொல்லி, அப்புறம்தான் மறுப்பு. நண்பர் பேசி முடிக்கும்வரை நீங்களும் பொறுங்கள்.

அறிவுள்ளவன் படைத்த உலகில் தோட்டத் தொழிலாளிக்குப் பத்தடி லயக் காம்பிரா எதற்கு?

லயத்தைக் கட்டியது கடவுள் இல்லை, வெள்ளைக்காரத் துரைமார். இன்றும் அதில் ஆளைக் குடிவைத்திருப்பவர் யார் என்பதற்குச் சூத்திரம் தேவையில்லை. தோட்டத்து ஆபீசில் கேளுங்கள்.