கேமராவுக்குக் காது கேட்கவில்லை

ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவுக்குப் பேட்டரி தேவையே இல்லை. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். வியூஃபைண்டருக்குள் ஒரு முள் இருக்கிறது. "வெளிச்சம் ஜாஸ்தி, கம்மி" என்று அது யோசனை சொல்வதற்கு மட்டுமே பேட்டரி. கேட்காமலே யோசனை சொல்ல வீடு நிறைய ஆள் இருக்க, இந்த ஒரு ஆலோசகருக்குச் சோறு போடத்தான் நான் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்.

ஆலோசகர் பத்தியக்காரர். 1972-ல் கேமரா வந்தபோது அவருக்கு விதிக்கப்பட்டது பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரி. 1.35 வோல்ட், தீரும் தறுவாய் வரை அதே 1.35. பாதரசம் கூடாது என்று 1996-ல் அமெரிக்கா சட்டம் போட்டது, பிறகு உலகமே கைவிட்டது. அதில் எனக்கு வழக்கில்லை. பாதரச விஷத்தால் மினமாட்டா ஜனங்கள் பட்ட பாட்டைப் படித்தவன் ஒரு முள்ளுக்காக வாதாட முடியாது.

வாட்ச் கடைக்காரரிடம் போனால், "எல்லாம் ஒண்ணுதான் சார், வட்டமா இருக்குல்ல" என்று அதே அளவில் ஓர் ஆல்கலைன் பேட்டரியை எடுத்து வைப்பார். உள்ளேயும் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது 1.5 வோல்ட். கூடுதல் தெம்பில் முள்ளுக்கு உற்சாகம் பிறந்து, இருக்கிற வெளிச்சத்தைவிட அதிகம் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் இருட்டடிக்கும். கல்யாணப் பெண்ணைக் கரிக்கட்டையாக்கிக் கையில் கொடுத்துவிட்டு வோல்டேஜ் விளக்கம் சொன்னால் பெண் வீட்டார் கேட்பார்களா? ஆல்கலைனின் வோல்டேஜ் நாளாக நாளாக இறங்கிக்கொண்டே வேறு போகும். இன்றைய பொய் நாளைக்கு வேறு பொய்.

சில்வர் ஆக்சைடு பரவாயில்லை. 1.55 வோல்ட், பொய்தான், ஆனால் கடைசிவரை மாற்றிப் பேசாத பொய். ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஏஎஸ்ஏ எண்ணைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஒருவாறு சமாளிக்கலாம். டயோடு பொருத்தி வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டரும் உண்டு; விலையைக் கேட்டால் முள்ளே வேண்டாம் என்று தோன்றும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பிரிட்ஜ் சர்க்யூட் என்ற புண்ணியத்தால் வோல்டேஜ் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அதன் முள் அசராது. அவர்களோடு நான் அதிகம் பேசுவதில்லை.

மிச்சம் இருப்பது காது மெஷினுக்குப் போடும் 675. துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் பேட்டரி, ஏறக்குறைய 1.4 வோல்ட், தீரும்வரை பெரிய மாற்றமில்லை. முள்ளுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை. காது மெஷின் கடைக்காரர், வருகிறவர் எல்லோருக்கும் காது மந்தம் என்ற தொழில் தர்மப்படி, தெருவுக்கே கேட்கும்படி, "யாருக்கு சார்?" என்றார்.

"கேமராவுக்கு."

என்னை இரக்கத்தோடு பார்த்து, இன்னும் உரக்கக் கேட்டார்: "காது யாருக்குக் கேக்கலை?"

அப்பாவுக்கு என்று சொல்லி வாங்கி வந்தேன். 625 இருக்க வேண்டிய குழியில் 675 சின்னப் பிள்ளை மாதிரி ஆடும்; சுற்றி ஒரு ரப்பர் வாஷர் போட்டால் அடங்கிவிடும். ஒரே தொல்லை, முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே காற்று புகுந்து ஆயுள் கரையத் தொடங்கிவிடும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில மாதத்தில் கணக்கு முடிந்தது. உரித்த நாளிலிருந்து வாழைத்தார், காக்கை, பால்காரர் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியப்பாவின் காது மெஷினுக்கும் 675-தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது; என்னிடம் அது இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கடைகள் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அலமாரியிலிருந்த கடைசி பேட்டரியை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் பெரியம்மா போன் செய்தாள். "ஏன்டா குடுத்தே? இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா அவரைத் திட்டிக்கிட்டிருந்தேன்."